குடை, இருபத்தேழாம் பாடம்

பிப்ரவரி 3

தம்பிக்கு,

நலமா என்று கேட்கப்போவதில்லை. காய்ச்சல் வந்தால்தான் உனக்கு அக்கா ஞாபகம் வரும். ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை என்பதால் நீ சௌக்கியம் என்று வைத்துக்கொள்கிறேன்.

இத்துடன் மெமரி கார்டு இருக்கிறது. ஒன்பதாம் பாடம் முதல் பதினாறு வரை படித்துப் பதிவு செய்திருக்கிறேன். உறையைப் பார்த்துக் கிழி. போன தடவை கார்டையும் சேர்த்துக் கத்தரித்துவிட்டு, நான் அனுப்பவே இல்லை என்று சாதித்தவன் நீ. குரல் எப்படி இருக்கிறது என்று சொல். துணிக்கிடங்குக்குள் உட்கார்ந்து பேசுகிறேன். சுற்றிலும் கூரை முட்ட ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள். நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தால் எதிரொலி கிடையாது. உன் அத்தான் மத்தியானம் சாப்பிட்டுக் கண்ணயரும் நேரம்தான் எனக்குக் கிடைக்கிறது. துணி எண்ணப் போகிறேன் என்று சொல்லிவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிடுவேன். சலவை ஆலை மேலாளரின் பெண்டாட்டி துணி எண்ணினால் யார் என்ன கேட்கப்போகிறார்கள்?

போனில் சொன்னால் ஆகாதா என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாய். இந்த வீட்டில் போன் பேசுவது மேடை ஏறிப் பேசுவது மாதிரி. உன் அத்தான் ஒரு வார்த்தை சொல்லமாட்டார். பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். ஆனால் பக்கத்தைத் திருப்பவே மாட்டார். ஆகையால் கடிதமே இருக்கட்டும். ஸ்டேஷனரிக் கடைக்காரர் முகவரிக்கே எழுது. அந்த மனிதர் வாங்கி வைத்திருந்து கொடுக்கிறார்.

இப்போது உன் இணையதளத்துக்கு வருகிறேன். உலகத்தில் இலவசமாகக் கிடக்கிற பாடங்களையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து, யார் வேண்டுமானாலும் படிக்கும்படி செய்யப்போகிறேன் என்று தம்பட்டம் அடித்தாயே, பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை மாதிரி ஜோராக இருக்கிறது. யாருக்குடா அது? இங்கே மடிப்புக் கூடத்துப் பெண்களில் பாதிப் பேருக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. நீ என்னடாவென்றால் ‘தொடங்க இங்கே அழுத்தவும்’ என்று எழுதி வைத்திருக்கிறாய். அதைப் படிக்கத் தெரிந்தவள் உன்னிடம் ஏன் வருகிறாள்?

எனக்கு வேண்டியது இதுதான். பக்கத்தைத் திறந்ததும் அது தானாகப் பேசவேண்டும். விட்ட இடத்திலிருந்து பேசவேண்டும். எதையும் அழுத்தக்கூடாது.

இதை ஒருத்திக்காகக் கேட்கிறேன். இங்கே எல்லாரும் அவளை வாயாடி என்று கூப்பிடுகிறார்கள், வாயே திறக்காததால். ஒரு பையோடும் கோணலாகக் கூடிய மணிக்கட்டோடும் வந்து சேர்ந்தாள். ஆலை மாடியில் பெண்கள் தங்கும் விடுதியில் இருக்கிறாள். வந்து நாலைந்து மாதம் கழித்து என்னிடம் பேசிய முதல் பேச்சு, ஒரு விரிப்பின் ஓரத்து அச்சைக் காட்டி, “இது என்னன்னு போட்டிருக்கு?” என்றதுதான். ‘பிரசவப் பகுதி’ என்றேன். “அப்ப இதைப் படிச்சா எந்தத் துணி எங்கே போகுதுன்னு தெரியும், இல்ல?” என்றாள். அன்றைக்குத்தான் நான் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு கிடங்குக்குள் போனேன்.

அக்கா


பிப்ரவரி 11

அக்கா,

கடிதமா அது? பாதி திட்டு, மீதி உத்தரவு. கார்டு முழுசாக வந்தது. கத்தரியைத் தொடவில்லை, போதுமா?

குரல் அருமை. கிடங்கு ரகசியம் தெரியாமல், எந்த ஸ்டுடியோ என்று என்னோடு வேலை செய்கிறவன் கேட்டான். எங்கள் அக்கா சொந்தமாகக் கட்டியது என்றேன்.

நீ சொன்னது உறைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உனக்குத் தெரியாது அக்கா, இலவசப் பாடங்களுக்குப் பஞ்சமே இல்லை. கொட்டிக் கிடக்கின்றன. ஒன்றைத் திறக்க வேகமான இணையம் வேண்டும். ஒன்று பேராசிரியர் பேராசிரியருக்கே எழுதியது. ஒன்றில் நுழைய உன் பெயர், ஊர், பிறந்த தேதி, மின்னஞ்சல் எல்லாம் கொடுக்கவேண்டும். இலவசம் என்று பலகை மாட்டிவிட்டுக் கதவைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். நான் அவற்றைத் துண்டு துண்டாக நறுக்கி, எளிய பேச்சில் எழுதி, ஓட்டை போனிலும் திறக்கும்படி செய்கிறேன். என் அறைக்குக் கீழே டயர் கடை. காற்றடிக்கிற இயந்திரம் உறுமும்போதெல்லாம் மேஜை ஆடுகிறது. அந்த ஆட்டத்தில்தான் இவ்வளவும் நடக்கிறது.

உன் திட்டுக்குப் பிறகு எழுத்தையெல்லாம் எடுத்துவிட்டேன். இனி ஆளுக்கு ஒரு படம். பூட்டு, சைக்கிள், குடை, விளக்கு, பிடித்ததைத் தொட்டால் போதும். அதுதான் பெயர். எண் கேட்கமாட்டேன், கடவுச்சொல் கேட்கமாட்டேன். அந்தப் போனைத் திறந்தால் அவளுடைய பாடம் வந்து நிற்கும்.

ஆனால் தானாகப் பேசுவது மட்டும் வேண்டாம். அது எப்போது எங்கே வாய் திறக்கும் என்று நம் கையில் இல்லை. பஸ்ஸில் பேசும். சாவு வீட்டில் பேசும். ஒரு பொத்தான் இருக்கட்டும், பெரிதாக, சிவப்பாக வைக்கிறேன்.

அப்புறம் அந்தப் பதின்மூன்றாம் பாடம். ‘மேலாளர் ஒருவர் தினமும் மூன்று தம்ளர் காப்பி குடிக்கிறார். தொழிலாளர்களுக்கு ஒரு தம்ளரை மூன்று பேர் பங்கிட்டுக்கொள்ளச் சொல்கிறார். ஒருவருக்கு எத்தனை பங்கு?’ வயிறு வலிக்கச் சிரித்தேன். பின்னக் கணக்கை இப்படி ஒருவரும் சொல்லிக்கொடுத்ததில்லை. அத்தானே வந்து உட்கார்ந்துவிட்டார். இன்னும் வை.

தம்பி


பிப்ரவரி 20

தம்பிக்கு,

பொத்தானாம் பொத்தான். நீ சொன்ன சிவப்புப் பொத்தானை வாயாடிக்குக் காட்டினேன். அழுத்தினாள். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி அழுத்தினாள். நான் தொட்டால் உடனே வேலை செய்கிறது, அவள் தொட்டால் கண்ணாடி கல்லு மாதிரி இருக்கிறது. பிறகுதான் அவள் விரலைப் பிடித்துப் பார்த்தேன். வெளுப்புக் காரத்திலும் கொதிக்கிற துணியிலும் கிடந்து நுனி தேய்ந்து தோல் செத்துப்போயிருக்கிறது. மற்றவர்களை அழைத்தும் பார்த்தேன். பழைய ஆட்கள் எல்லாருக்கும் அப்படித்தான். உன் கண்ணாடி அவர்களை மனிதராகவே எண்ணவில்லை.

“எனக்கு இது வராது போலிருக்கு, விடுங்க” என்றாள். அவள் அப்படிச் சொன்னபோது எனக்கு வந்த ஆத்திரத்தில் உன்னைத்தான் திட்டினேன்.

பாடம் மாற்றவும் கேள்விக்குப் பதில் போடவும் ஒரு நாளில் ஒரு தடவை விரல் முட்டியால் மோதியாவது அழுத்திவிடுவாள். ஒவ்வொரு தடவையும் நிறுத்திப் பேசவைக்க அவளால் ஆகாது. கையில் துணி இருக்கும், காதில் ஒயர் இருக்கும். திறந்தால் பேசவேண்டும். முடிவாகச் சொல்கிறேன்.

அவசரம் ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன். மே பதினான்காம் தேதி தனித்தேர்வு. எட்டாம் வகுப்புக்குச் சமம். அவள் பெயரில் நானே விண்ணப்பம் போட்டுவிட்டேன். அது இருந்தால் ஆஸ்பத்திரியில் உதவியாள் வேலை கிடைக்கும், நம் ஆலைக்குத் துணி வருகிற அதே ஆஸ்பத்திரியில்தான். வேலையைவிட அங்கே இருக்கிற குடியிருப்பு பெரிது. சுற்றுச்சுவர், கேட்டு, காவலாள். பெயர் சொல்லாமல் ஒருவரும் உள்ளே போகமுடியாது. மணிக்கட்டை ஒடித்த புருஷன் இன்னும் அவளைத் தேடிக்கொண்டிருக்கிறான். விடுதி வாசலில் யாராவது ஆண்பிள்ளை செருப்புச் சத்தம் கேட்டால் அவள் முகம் போகிற போக்கை நீ பார்க்கவேண்டும். அவளுக்கு அந்தக் கேட்டு வேண்டும், அவ்வளவுதான். பின்னம், தசமம், இலக்கணம் எல்லாம் அந்தக் கேட்டுக்குப் போகிற வழி.

இத்துடன் இன்னொரு கார்டு, பதினேழு முதல் முப்பத்தாறு வரை. இருபத்தேழாம் பாடத்தில் உனக்கு ஒரு விருந்து வைத்திருக்கிறேன். கேட்டுவிட்டுச் சிரி.

அக்கா


மார்ச் 2

அக்கா,

செய்துவிட்டேன். இனி திறந்தால் பேசும். உன் பேச்சை நான் எப்போது தட்டியிருக்கிறேன்?

விரல் விஷயம் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. இத்தனை வருஷமாகக் கண்ணாடியைத் தொடுகிறவர்களுக்காகவே வேலை செய்துகொண்டிருந்திருக்கிறேன், தொடமுடியாத விரல் ஒன்று உண்டு என்று தோன்றியதே இல்லை.

அவள் குடைப் படத்தை எடுத்திருக்கிறாள், இல்லையா? நீ அவளுக்குக் காட்டிய சமயத்தில் புதிதாக வந்தது ஒரே ஒரு குடைதான். என் பக்கம் படம், பாட எண், எத்தனை தடவை கேட்டாள், பதில் சரியா தப்பா, இவ்வளவுதான் வரும்; ஆளும் ஊரும் தெரியாது. குடை இப்போது இருபத்திரண்டில் இருக்கிறது. பறக்கிறாள் அக்கா. ஒரு பாடத்தை மூன்று தடவை கேட்கிறாள், பிறகு கேள்விகளுக்குப் போகிறாள், பாதி தப்பாகிறது, திரும்ப வருகிறாள். காலையில் எழுந்ததும் முதலில் குடை எங்கே நிற்கிறது என்றுதான் பார்க்கிறேன். டயர் கடைக்காரர்கூட “குடை நகர்ந்துச்சா?” என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

மற்றவர்களும் வருகிறார்கள். நீ நினைக்காத ஊர்களிலிருந்தெல்லாம் எழுதுகிறார்கள். ஒரு மீன் சந்தையில் பத்துப் பேர் சேர்ந்து ஒரு போனில் கேட்கிறார்களாம். எல்லாம் உன் குரல்தான்.

இருபத்தேழைக் கேட்டேன். உனக்குக் கொழுப்பு ஜாஸ்தி. அப்படியே போட்டுவிட்டேன்.

தம்பி


மார்ச் 30

அக்கா,

ஏன் பதில் இல்லை? கார்டும் வரவில்லை. ஸ்டேஷனரிக் கடைக்குப் போன் செய்தேன், கடிதங்கள் வாங்கப்படாமல் கிடக்கின்றன என்றார். குடை மார்ச் பன்னிரண்டிலிருந்து இருபத்தேழில் நிற்கிறது. உடம்புக்கா? அவளுக்கா, உனக்கா?

இரண்டு வரி எழுது. திட்டியாவது எழுது.

தம்பி


ஏப்ரல் 4

தம்பிக்கு,

நடந்ததைச் சொல்கிறேன். குறுக்கே பேசாமல் படி.

வாயாடியின் போன் மடிப்பு மேஜை ஓரத்தில் சார்ஜில் கிடந்தது. ஏதோ தவறான எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. அந்த நேரம் பார்த்து உன் அத்தான் கூடத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். வேலை நேரத்தில் மணி அடிக்கிறதே என்று எடுத்துக் கட் செய்தார். அழைப்பு போனதும் பின்னால் திறந்திருந்த பக்கம் மேலே வந்தது. பேச ஆரம்பித்துவிட்டது.

என் குரல். கூடம் முழுக்கக் கேட்டது. நான் அப்போது மேலே மாடியில் இருந்தேன், எனக்கே கேட்டது.

‘ஒரு மேலாளர் எட்டு மணி நேர வேலை என்று சொல்லிவிட்டுப் பத்து மணி நேரம் வேலை வாங்குகிறார். கேட்டால் கடிகாரம் ஓடவில்லை என்கிறார். அவர் ஆறு நாளில் திருடிய நேரம் எவ்வளவு?’

அதுதான் நீ அப்படியே போட்ட விருந்து.

யாரோ ஒருத்தி சிரித்துவிட்டாள். ஒரே ஒருத்திதான், பயத்தில்கூட இருக்கலாம். அவர் கோபப்படவில்லை. நீ அவர் குரல் உயர்ந்து கேட்டிருக்கிறாயா? நானும் கேட்டதில்லை. எல்லாப் பெண்களையும் போனை மேஜைமேல் வைக்கச் சொன்னார். ஒவ்வொன்றாகத் திறந்தார். திறக்கத் திறக்க ஒவ்வொன்றும் தானாகப் பேசியது. ஒவ்வொன்றிலும் நான். ஒன்றில் இலக்கணம், ஒன்றில் உடல்நலம், ஒன்றில் கூட்டல். எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாகப் பேசிக்கொண்டே இருந்தன, அவர் நடுவில் கைகட்டிக்கொண்டு நின்றார். நான் படியில் நின்றேன். இறங்கவும் முடியவில்லை, ஏறவும் முடியவில்லை.

பிறகு என்னைப் பார்த்து, “உனக்குப் பொழுது போகலைன்னா என்கிட்ட சொல்லியிருக்கலாமே” என்றார். அவ்வளவுதான் எனக்கு. கிடங்குச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மற்றவர்களை வேலைக்கு அனுப்பிவிட்டு வாயாடியை மட்டும் ஆபீசுக்குக் கூப்பிட்டார். அடிக்கவில்லை, திட்டவில்லை. ‘பொறுப்பு ஏத்துக்க ஆளில்லாத இடத்துல ஒரு பொண்ணை வெச்சிருக்க முடியாது, குடும்பத்தாரை வரச்சொல்லி ஒப்படைக்கிறதுதான் முறை’ என்றாராம். அவள் அடையாள அட்டையில் புருஷன் பெயரும் ஊரும் இருக்கிறதே. விசாரித்து நம்பர் பிடித்தார். நான் அவர் காலைப் பிடித்தேன் தம்பி. நிஜமாகவே பிடித்தேன். “எல்லாரும் பார்க்கிறாங்க, எழுந்திரு” என்றார்.

அவன் மறுநாள் காலையில் வந்தான். சட்டையெல்லாம் இஸ்திரி போட்டு, கும்பிட்டுக்கொண்டு வந்தான். உன் அத்தானுக்கு நன்றி சொன்னான். அவள் பையை அவனே தூக்கிக்கொண்டான். அவள் என்னைப் பார்ப்பாள் என்று நின்றேன். அவள் பார்க்கவில்லை.

இப்போது எனக்கு ஒரு கேள்வி. நீ வேண்டாம் என்றாயே, பஸ்ஸில் பேசும், சாவு வீட்டில் பேசும் என்றாயே. அப்புறம் ஏன்டா செய்தாய்? சின்ன வயதில் ஒரு தம்ளர் தண்ணீர் கேட்டால் கொண்டுவரமாட்டாய். இதை மட்டும் ஏன் கேட்டாய்? அந்த ஒரு தடவை என் பேச்சைத் தட்டியிருக்கக்கூடாதா?

என் குரலை அதிலிருந்து எடுத்துவிடு. ஒரு பாடம் விடாமல் எடு. எனக்கு அதைக் கேட்கவே உடம்பு கூசுகிறது.

அக்கா


ஏப்ரல் 12

அக்கா,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு எத்தனை நாள் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. பதிலை எழுதி எழுதிக் கிழித்தேன்.

தானாகப் பேசுவதை அன்றைக்கே நிறுத்திவிட்டேன். இனி ஒரு போனும் கேட்காமல் வாய் திறக்காது. யாருக்கும் இனி உதவாத காரியத்தை அவசரமாகச் செய்தேன்.

என்மேல் பழி போடுகிறாய். போடு. ஆனால் நானும் ஒன்று சொல்லியே ஆகவேண்டும். பேசவைத்தது நான். அவரைக் கணக்குக்குள் கொண்டுவந்து உட்காரவைத்தது யார்? வெறும் பின்னக் கணக்கு சொல்லியிருந்தால் ஏதோ பெண்கள் படிக்கிறார்கள் என்று போயிருப்பார். நான் சிரித்தேன், இன்னும் வை என்று ஏற்றிவிட்டேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த வீட்டில் இருந்துகொண்டு, அவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துகொண்டு வைத்தவள் நீ. எழுதிவிட்டேன். மனசு ஆறவில்லை.

குரலை எடுக்கமாட்டேன். அந்த மீன் சந்தைக்காரர்களுக்கு நான் என்ன சொல்வது? உன் குரலில் எழுத்துக் கூட்டப் பழகியவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் மே மாதம்தான் தேர்வு. நடுவில் வந்து ஆசிரியை ஓடிவிட்டாள் என்று சொல்லச் சொல்கிறாயா?

அவள் எங்கே இருக்கிறாள் என்று யாரைக் கேட்டால் தெரியும்? ஊர் பெயர் மட்டும் சொல். நானே போகிறேன்.

தம்பி


ஏப்ரல் 20

தம்பிக்கு,

நீ சொன்னது சரிதான். அதற்காக உன்னை மன்னிக்கமுடியவில்லை.

நீ போகவேண்டாம். ஓர் அந்நிய ஆண்பிள்ளை அவளைத் தேடி வாசலில் போய் நின்றால் அவளுக்கு என்ன ஆகும் என்று யோசித்தாயா? ஆலை இஸ்திரிப் பகுதியில் எல்லாரும் அத்தை என்று கூப்பிடுகிற அம்மாவுக்கு அந்தப் பக்கம் ஒரு உறவு இருக்கிறது. சொல்லி அனுப்பியிருக்கிறேன். இன்னும் சேதி இல்லை.

தேர்வு நுழைவுச் சீட்டு என்னிடம் வந்துவிட்டது. அவள் போட்டோவில் கண்ணை அகல விழித்துக்கொண்டு இருக்கிறாள். தேதியும் இடமும் அவளுக்கு மனப்பாடம். எப்படியாவது அன்றைக்கு ஓடிவந்துவிடுவாள் என்று ஒரு நினைப்பு எனக்கு. பைத்தியக்காரத்தனம்தான். பல் டாக்டரிடம் போகிறேன் என்று சொல்லிவிட்டு மே பதினான்கு காலையில் தேர்வுக் கூட வாசலில் நிற்கப்போகிறேன். வந்தால் பரீட்சை எழுதவைத்துவிட்டு அப்படியே உன்னிடம் அழைத்து வருவேன். நானும் திரும்பப்போவதில்லை. இதை உனக்கு மட்டும் சொல்கிறேன்.

உன் அத்தான் என்னிடம் முன்பைவிடப் பிரியமாக இருக்கிறார். நேற்று ஒரு புடவை வாங்கிக்கொண்டு வந்தார்.

அக்கா


ஏப்ரல் 30

அக்கா! அக்கா! அக்கா!

குடை நகர்ந்துவிட்டது!

உட்கார்ந்து படி. போன வாரம் ஒரு நாள் சும்மா பார்த்தேன், பழக்க தோஷம். இருபத்தெட்டு. கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தேன். மறுநாள் முப்பது. இன்று முப்பத்து நாலு! எங்கே இருக்கிறாளோ, எப்படிப் போனைக் காப்பாற்றி வைத்திருக்கிறாளோ, படித்துக்கொண்டிருக்கிறாள். உயிரோடு இருக்கிறாள், படித்துக்கொண்டிருக்கிறாள்!

இன்னும் கேள். ஒரு கேள்வி தப்பவில்லை. முன்பெல்லாம் பாதி தப்பும், திரும்பத் திரும்ப வருவாள். இப்போது எடுத்த எடுப்பில் எல்லாம் சரி. ஒவ்வொரு பாடத்தையும் முதலிலிருந்து கடைசி வரை ஒரே தடவை கேட்டுவிட்டு, கடகடவென்று பதில் போடுகிறாள். கஷ்டம் அவளைத் தீட்டிவிட்டது அக்கா. நான் கீழே ஓடிப்போய் டயர் கடைக்காரரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் சட்டையெல்லாம் கரி, என் முகமெல்லாம் கரி.

இதற்குப் பிறகும் குரலை எடு என்பாயா?

ஒரு காரியம் செய்தேன். அவள் பக்கத்தில் மட்டும் தெரியும்படி ஒரு செய்தி போட்டேன், சின்னச் சின்ன வார்த்தையாக. ‘மே 14 காலை. தேர்வுக் கூட வாசல். அக்கா நிற்பாள். சீட்டு அவளிடம். பரீட்சை முடிந்ததும் இருவரும் என்னிடம் வந்துவிடுங்கள். திரும்பிப் போகவேண்டாம்.’ கீழே ஒரு சரிக்குறி வைத்தேன், படித்தால் அழுத்தச் சொல்லி. ஒரு மணி நேரத்தில் அழுத்திவிட்டாள்!

வருவாள் அக்கா. உனக்காக இங்கே அறையைக் கழுவி வைத்திருக்கிறேன். இரண்டு பாய் வாங்கினேன்.

தம்பி


மே 15

தம்பிக்கு,

இதைத் தபாலில் போடவில்லை. உன் டயர் கடைக்காரர் கையில் கொடுத்து மேலே அனுப்புகிறேன். நான் எதிர்ச் சாரியில் உட்கார்ந்திருக்கிறேன். படித்து முடித்துவிட்டுக் கீழே வா. நேரில் சொல்ல எனக்கு வாய் வராது.

நேற்று விடிந்ததும் கிளம்பினேன். கையில் சீட்டு, பென்சில், அழிப்பான், ஒரு பாட்டில் தண்ணீர். வாசலில் ஒரே கூட்டம். பிள்ளைகள் மட்டும் இல்லை, அவள் வயதுப் பெண்கள் எத்தனையோ பேர். ஒருத்தி காதில் ஒயர் மாட்டிக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். கிட்டப் போனேன், என் குரல் கேட்டது. சத்தியமாக எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது.

மணி அடித்தார்கள். எல்லாரும் உள்ளே போனார்கள். கேட்டைச் சாத்தப் போனபோது காவலாளிடம் ஒரே ஒரு நிமிஷம் என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து, “விடு, அவர் வேலையை அவர் பார்க்கட்டும்” என்று ஒரு குரல்.

உன் அத்தான். வெள்ளைச் சட்டை, கையில் குடை பிடித்திருந்தார், மே மாத வெயிலாயிற்றே. இன்னொரு கையில் அவள் போன்.

அன்றைக்கு மற்ற போன்களையெல்லாம் திருப்பிக் கொடுத்தார். அவளுடையதைக் கொடுக்கவே இல்லையாம். மேஜை டிராயரில் வைத்துக்கொண்டார். “நீ என்னதான் சொல்லித் தர்றேன்னு எனக்கும் தெரிய வேணாமா? தினமும் ஒண்ணு ரெண்டு கேட்டேன். ரொம்ப நல்லா பண்ணியிருக்க. உன் தம்பியும் கெட்டிக்காரன்” என்றார். நிஜமாகவே பாராட்டினார்.

“அவ எங்கே?” என்றேன்.

“அந்தப் பொண்ணா? போன மாசம் ஆரம்பத்துலயே போயிட்டாளே. மாடிப்படியில வழுக்கி விழுந்துட்டாளாம். கடைசியா எங்க வேலை பார்த்தான்னு போலீஸ்ல இருந்து ஆபீசுக்குக் கேட்டாங்க. உனக்குச் சொன்னா தாங்கமாட்டியேன்னு சொல்லல.”

நீ குரலை எடுக்கமாட்டேன் என்று எழுதினாயே, அந்தக் கடிதம் எனக்கு வந்தபோதே அவள் இல்லை. நான் ஏப்ரலில் நுழைவுச் சீட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தபோது அவள் இல்லை.

அவர் என்னைப் பிடித்து இழுக்கவில்லை. “பல்லைக் காட்டிட்டு மெதுவா வா” என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். நான் திரும்பிப் போவேன் என்று அவருக்கு அவ்வளவு நிச்சயம். நான் ரயிலடிக்கு நடந்தேன். சீட்டு இன்னும் என் கையில்தான் இருந்தது. எந்த இடத்தில் கீழே போட்டேன் என்று தெரியவில்லை.

உன்மேல் கோபம் இல்லை. நீ குடையைப் பார்த்தாய், பிடித்திருந்த கையைப் பார்க்க உனக்கு வழியில்லை. யாரும் பெயர் சொல்லாமல் உள்ளே வரலாம் என்று நீதானே கட்டினாய், அதுவும் அவளுக்காகத்தானே கட்டினாய்.

எடுத்த எடுப்பில் எல்லாம் சரி, ஒரு கேள்வி தப்பவில்லை என்று எழுதியிருந்தாய். எப்படியடா தப்பும்? அவர் இரண்டு பட்டம் வாங்கியவர்.

குரல் இருக்கட்டும். வாசலில் பார்த்த அந்தப் பெண் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். இருக்கட்டும்.

எனக்கு ஒன்றே ஒன்று செய். கீழே இறங்குவதற்கு முன்னால் செய். அவள் பக்கத்தைத் திற. அவள் படித்தது இருபத்தேழு வரைக்கும்தான். பாதி தப்பும் திருத்தமுமாக எல்லாம் அவளே படித்தது. அதற்கு மேல் இருப்பது அவளுடையது இல்லை. அதை அழித்துவிட்டு வா.

அக்கா